மீண்டும் மீண்டும் வரும் பல் கனவுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் ஆடுவதாகவோ உடைவதாகவோ வாயிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்வதாகவோ கனவு ஒருமுறை வந்தால், பெரும்பாலோர் அதைக் காலை முடிவதற்குள் மறந்துவிடுகிறார்கள். அதே கனவு சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பி வரும்போது அச்சம் பற்றிக்கொள்கிறது. அந்த அச்சத்தோடு இருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, இன்று பொறுப்புடன் சொல்லக்கூடிய விடைகளைக் கீழே தருகிறோம்.

இப்படிப்பட்ட கனவு எனக்கு மட்டும்தான் வருகிறதா?

இல்லை. விழுவது, துரத்தப்படுவது, தேர்வுக்குத் தயாராகாமல் போய் நிற்பது ஆகியவற்றோடு சேர்த்து, உலகெங்கும் மனிதர்கள் காணும் பொதுக் கனவுகளின் பட்டியலில் பல் விழும் கனவும் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது. 1958இல் அமெரிக்க, ஜப்பானிய மாணவர்களின் கனவுகளை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வில் இரு நாட்டவரிடமும் இக்கனவு காணப்பட்டது. பிற்காலத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் பல் கனவு கண்டதாகவும், சுமார் 16 விழுக்காட்டினர் அது தங்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதாகவும் கூறினர். துரத்தப்படும் கனவைவிட இது குறைவாகவே வருகிறது என்றாலும், அரிதான கனவு என்று சொல்ல முடியாது.

இக்கனவு எந்தெந்த வடிவங்களில் வருகிறது?

நாக்கு பட்டவுடன் ஒரு பல் ஆடத் தொடங்கி, அடுத்தடுத்த பற்களும் தளர்ந்து கையில் வந்து விழுவது மிகவும் பரவலான வடிவம். பற்கள் தூளாகி வாய் நிறைவது, துப்பத் துப்பத் தீராமல் வந்துகொண்டே இருப்பது, பிறர் முன்னிலையில் பேசும்போது முன்பல் கழன்று விழுவது, தாடையைத் திறக்க முடியாதபடி பற்கள் இறுகிக்கொள்வது என்று இதற்குப் பல வேறுபாடுகள் உண்டு. கனவில் உடல் வலியை உணர்வது பொதுவாகவே அரிது. ஆகவே பற்கள் அத்தனையும் விழுந்தும் வலியில்லாமல் இருந்ததை எண்ணி வியப்படைய வேண்டியதில்லை. வலிக்குப் பதிலாக, இனி இதைச் சரிசெய்யவே முடியாது என்ற திகைப்புதான் அநேகமாக நினைவில் தங்குகிறது.

நெருங்கிய உறவினர் ஒருவர் இறக்கப்போகிறார் என்பதற்கு இது அறிகுறியா?

இல்லை. பல் கனவு எவருடைய இறப்பையும் முன்னறிவிக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடையாது. இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. ஏனென்றால், இக்கேள்வியைக் கேட்பவர்களில் பலர் நோயுற்றிருக்கும் தாயையோ தொலைவில் வாழும் பிள்ளையையோ நினைத்து, கனவுக்குப் பிறகு மறுபடி உறங்க முடியாமல் தவிக்கிறார்கள். இல்லாத ஓர் ஆபத்துக்காக அவர்கள் அந்த வேதனையைப் படவேண்டிய தேவையே இல்லை.

அப்படியானால் “கனவு கண்ட சில நாட்களில் ஒருவர் இறந்தாரே” என்று சிலர் சொல்வது எப்படி? பத்தில் நான்கு பேர் வரை காணும் ஒரு கனவும், எல்லாக் குடும்பங்களிலும் நேரும் ஒரு நிகழ்வும், சில சமயங்களில் அடுத்தடுத்து வருவது தவிர்க்க முடியாதது. கனவு வந்து எதுவும் நடக்காமல் போன இரவுகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. நடந்த ஒன்று மட்டும் குடும்பத்தின் நினைவில் நின்று, பல ஆண்டுகள் பேசப்படுகிறது. தவிரவும், வீட்டில் ஒருவர் நோய்ப்படுக்கையில் இருக்கும்போது மற்றவர்களின் உறக்கம் கலைகிறது, கவலை கூடுகிறது, தாடை இறுகுகிறது. அத்தகைய இரவுகளில் கெட்ட கனவு வருவதும், அதன்பின் அந்த நோயாளி இறப்பதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்கலாம். கனவு இறப்பைக் கொண்டுவந்ததாக அதற்குப் பொருளில்லை.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

மிகப் பழங்காலத்திலிருந்தே வந்திருக்கிறது. ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முந்தையதும், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளதுமான எகிப்தியப் பாப்பிரஸ் சுவடி ஒன்று, கனவுகளை நல்லவை, தீயவை என்று வரிசைப்படுத்துகிறது. பற்கள் கீழே விழக் காண்பதை அது தீயவற்றில் சேர்த்து, இறப்போடு தொடர்புபடுத்துகிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் கனவுப் பலன் நூல் எழுதிய ஆர்டெமிடோரஸ் இதை இன்னும் விரிவாக வகுத்தார். வாய் என்பது வீடு, பற்கள் அதில் வசிப்பவர்கள் என்பது அவருடைய அடிப்படை. வலப்பக்கப் பற்கள் ஆண்களையும் இடப்பக்கப் பற்கள் பெண்களையும், முன்பற்கள் இளையோரையும் கடைவாய்ப் பற்கள் முதியோரையும் குறிக்கும் என்றார். ஆனால் அதே நூலில், கடன்பட்டவர் பல் விழக் கண்டால் கடனை அடைப்பார் என்றும், அடிமையாக இருப்பவர் பற்களெல்லாம் போய்விட்டதாகக் கண்டால் விடுதலை பெறுவார் என்றும் அவர் எழுதியுள்ளார். கனவு ஒன்றே என்றாலும், காண்பவரின் நிலைமைக்கேற்பப் பலன் முற்றிலும் மாறிவிடுகிறது என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பல் கனவு என்றால் இறப்பு என்று ஒரே வரியில் பலன் சொல்லும் இன்றைய பட்டியல்களைவிட, அந்தப் பழைய நூலில் கூடுதல் நிதானம் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பலன் சொல்பவர்களிடம் கேட்பதில் என்ன தவறு?

யூதர்களின் தால்முத் நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்வது பொருத்தம். பர் ஹெத்யா என்ற கனவுப் பலன் சொல்பவரிடம் அபாயே, ராவா என்னும் இரு அறிஞர்கள் சென்று, ஒரே மாதிரியான கனவுகளைக் கண்டதாகக் கூறுகிறார்கள். காசு கொடுத்தவருக்கு அவர் நற்பலன் சொல்கிறார். கொடுக்காதவருக்குத் தீய பலன் சொல்கிறார். பற்கள் விழக் கண்டதாக ராவா சொன்னபோது, உன் மகன்களும் மகள்களும் இறப்பார்கள் என்பதே விடையாகக் கிடைத்தது.

பலன் என்பது கனவுக்குள் இருந்து வருகிறதா, சொல்பவரின் நோக்கத்திலிருந்து வருகிறதா என்ற ஐயம் அக்காலத்திலேயே எழுந்துவிட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அச்சமூட்டும் ஒரு பலனைக் கேட்டுவிட்டு, அதற்குப் பரிகாரமும் அவரிடமே வாங்க நேரிட்டால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதுதான் நல்லது. அச்சம் மிகும்போது உறக்கம் மேலும் கெடுகிறது. உறக்கம் கெடும்போது கனவுகளும் மேலும் தெளிவாக நினைவில் தங்குகின்றன.

மேல் பல், கீழ்ப் பல், இரத்தம் வருவது, வராதது ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பொருள் உண்டா?

அப்படிப்பட்ட பிரிவுகளுக்கு ஆதாரம் இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். ஒவ்வொரு முறையும் குறிப்பிட்ட ஒரே பல்லோ ஒரே பக்கமோ கனவில் வருமானால், அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதேனும் தொல்லை இருக்கிறதா என்று பல் மருத்துவரிடம் காட்டிவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை.

ஃபிராய்டும் யுங்கும் இதைப் பற்றி என்ன கூறினார்கள்?

உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் சிக்மண்ட் ஃபிராய்டு 1899 இறுதியில் வெளியிட்ட தமது கனவு நூலில் பல் கனவுகளைத் தனியாக எடுத்துக்கொண்டு, அவற்றை இளமைக்காலப் பாலுணர்ச்சியோடு இணைத்தார். பெண்கள் காணும் பல் கனவுகளைப் பிள்ளைப்பேற்றோடு தொடர்புபடுத்தும் விளக்கத்தையும் அவரும் சுவிஸ் உளமருத்துவர் கார்ல் யுங்கும் குறிப்பிட்டுள்ளனர். இவ்விளக்கங்கள் தனிப்பட்ட நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. பலரிடம் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டவை அல்ல. வரலாற்றை அறிய அவற்றைப் படிக்கலாம். உங்கள் கனவின் பொருளாக அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை.

அண்மைக்கால ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன?

இஸ்ரேலில் நாமா ரோசென், நிரிட் சோஃபர்-டூடெக் ஆகிய இருவர் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு, இக்கேள்விக்கு நேரடியாக முகம் கொடுத்த சிலவற்றுள் ஒன்று. அவர்கள் 210 மாணவர்களிடம் பல் கனவுகள், வேறு வகைக் கனவுகள், மனவேதனை, உறக்கத்தின் தரம், பல்லிலும் தாடையிலும் உணரும் தொல்லைகள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டறிந்தார்கள். பல் கனவு அடிக்கடி வருபவர்களிடம், காலையில் விழிக்கும்போது பற்களிலோ ஈறுகளிலோ தாடையிலோ இறுக்கம் இருப்பதும் கூடுதலாகக் காணப்பட்டது. மற்ற வகைக் கனவுகளுக்கும் அந்த இறுக்கத்துக்கும் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. மாறாக, மனவேதனையோடு மற்ற கனவுகளுக்குத் தொடர்பு இருந்தது. பல் கனவுகளுக்கு இல்லை.

உள்ளத்தின் ஆழத்தில் புதைந்த அச்சத்தின் சின்னமாகவே பல் கனவைப் பார்த்துவந்த பார்வைக்கு எதிராக, அது வாயில் எழும் உண்மையான உணர்வின் எதிரொலியாக இருக்கலாம் என்ற எளிய விளக்கத்தை இம்முடிவு வலுப்படுத்துகிறது. எனினும் அந்த ஆய்வு, கேட்டவற்றுக்கு மாணவர்கள் அளித்த விடைகளை வைத்து நடந்தது. உறங்கும்போது அவர்களின் தாடைத் தசைகளைக் கருவி கொண்டு அளந்து நடந்தது அல்ல. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதுதான் அதன் முடிவு. ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று அதனால் நிறுவிவிட முடியாது. இந்த வரம்பையும் நினைவில் வைத்துக்கொண்டால், இப்போது நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் மிகவும் பயனுள்ள தடயம் இதுதான் என்பது என் கருத்து.

உறங்கும்போது உடலில் ஏற்படும் உணர்வு கனவுக்குள் நுழைய முடியுமா?

முடியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் ஆய்வாளர்கள் 1953இல் அறிவித்த விரைவிழி அசைவு உறக்கத்தில்தான், அதாவது மூடிய இமைகளுக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தில்தான், தெளிவான கனவுகள் அதிகம் தோன்றுகின்றன. இரவில் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் இக்கட்டம், பெரியவர்களின் மொத்த உறக்கத்தில் சுமார் 20 முதல் 25 விழுக்காடு வரை அமைகிறது. டிமென்ட், வோல்பர்ட் என்னும் ஆய்வாளர்கள் 1958இல் வெளியிட்ட ஆய்வில், இக்கட்டத்தில் இருந்தவர்கள் மேல் குளிர்ந்த நீரைத் தெளித்து, சற்று நேரம் கழித்து எழுப்பிக் கனவைக் கேட்டார்கள். எழாமல் உறக்கத்தைத் தொடர்ந்தவர்களின் கனவுகளில் சுமார் 42 விழுக்காட்டில், மழையாகவோ கூரை ஒழுகுவதாகவோ நீர் இடம்பெற்றிருந்தது. வெளியிலிருந்து வந்த உணர்வைக் கனவு அப்படியே பதிவு செய்யாமல், ஒரு கதையாக மாற்றிக்கொள்கிறது என்பதை இதில் கவனிக்க வேண்டும். அப்படியே, பல்லில் ஏற்படும் அழுத்தம், பல் விழும் கதையாக மாறுவதும் நடக்கக்கூடியதே.

வாய் இதற்கு ஏற்ற உறுப்பும்கூட. உதடு, நாக்கு, பல், தாடை ஆகியவற்றின் உணர்வுகளைப் பெறுவதற்கு மூளையில் ஒதுக்கப்பட்டுள்ள பரப்பு, அவற்றின் அளவோடு ஒப்பிட்டால் மிகவும் பெரியது. உணவில் தலைமுடி ஒன்று கலந்திருந்தால்கூடப் பற்களுக்கு இடையில் அது உடனே தெரிந்துவிடுகிறது.

இந்த விளக்கத்தில் ஒரு சிக்கலும் உண்டு. உறக்கத்தில் பற்களைக் கடிப்பது பெரும்பாலும் விரைவிழி அசைவுக் கட்டத்தில் நிகழ்வதில்லை. அதற்கு வெளியே, மேலோட்டமான உறக்கத்தில்தான் நிகழ்கிறது. ஆனால் கனவுகள் அந்தக் கட்டங்களிலும் தோன்றுகின்றன. மேலும், முன்னர் கடித்ததால் ஏற்பட்ட தசைவலி, பின்னர் வரும் கனவு வரைக்கும் நீடிக்கவும் கூடும்.

நான் உறக்கத்தில் பற்களைக் கடிக்கிறேனா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

உறங்குபவருக்கு இது தெரியாது. அருகில் உறங்குபவருக்கு நறநறவென்ற ஒலி கேட்கலாம். ஆனால் ஒலியே இல்லாமல் பற்களை இறுக்கிக்கொண்டிருப்பவர்களும் பலர் உண்டு. காலையில் தாடை களைத்திருப்பது, நெற்றிப்பொட்டுகளில் தலைவலியோடு விழிப்பது, வாயை முழுவதும் திறக்கச் சிரமப்படுவது, குளிர்ந்த நீர் பட்டால் பற்கள் கூசுவது, பற்களின் விளிம்பு தேய்ந்து தட்டையாவது, நாக்கின் ஓரங்களில் பல் பதிந்த தடம் தெரிவது ஆகியவை இதன் அறிகுறிகள். பெரியவர்களில் சுமார் 8 விழுக்காட்டினரிடம் இப்பழக்கம் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. குழந்தைகளிடம் இது இன்னும் பரவலாக உள்ளது. வயது ஏற ஏறக் குறைகிறது.

மனஅழுத்தம், புகைபிடித்தல், மது, அதிக அளவு காபி, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் ஆகியவை இப்பழக்கத்தோடு தொடர்புடையவை. பல் மருத்துவர் இரவில் அணிந்துகொள்ள ஒரு காப்புத் தகட்டைச் செய்து தரக்கூடும். அது பற்களைத் தேய்மானத்திலிருந்து காக்கும்; ஆனால் கடிக்கும் பழக்கத்தையே நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பகலிலும் கவனம் வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரங்களில் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை. உதடுகள் மூடியிருக்க, பற்களுக்கு நடுவே சிறிது இடைவெளி இருப்பதே தாடையின் இயல்பான ஓய்வு நிலை. இப்போது இதைப் படிக்கும்போது உங்கள் பற்கள் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

அப்படியானால் மனக்கவலைக்கும் இக்கனவுக்கும் தொடர்பே இல்லையா?

அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. 1984இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பல் இழக்கும் கனவு வருபவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கையறு நிலையும் சற்று மிகுந்திருந்ததாகக் கண்டது. 2018ஆம் ஆண்டு ஆய்வு அதற்கு மாறான முடிவைத் தந்தது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது எனக்குச் சரியாகப் படும் விளக்கம் இது: கவலை சிலரிடம் தாடையின் வழியாகவே கனவை வந்தடைகிறது. பகலில் வெளியே சொல்ல முடியாததைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர், இரவிலும் பல்லைக் கடிக்கிறார். அந்த அழுத்தமே பல் விழும் காட்சியாகிறது. இதை நிறுவப்பட்ட உண்மையாக எடுத்துக்கொள்ளாமல், உங்களுக்குப் பொருந்துகிறதா என்று நீங்களே சோதித்துப் பார்க்கவேண்டிய ஒரு கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கனவு, விழிப்பு வாழ்வின் அக்கறைகளைத் தொடர்கிறது என்பது உளவியலாளர் கால்வின் ஹாலும் அவர் வழி வந்தவர்களும் ஆயிரக்கணக்கான கனவுக் குறிப்புகளைத் தொகுத்து முன்வைத்த கருத்து. தோற்றத்தைப் பற்றிய கூச்சம், பேச வேண்டிய இடத்தில் பேச முடியாமை, முதுமையை நோக்கிய அச்சம், திரும்பப் பெற முடியாத ஓர் இழப்பு என்று பல்லோடு எளிதில் பொருந்தக்கூடிய அக்கறைகள் பல உண்டு. எது உங்களுடையது என்பதை எந்தப் பட்டியலும் சொல்ல முடியாது. உங்கள் வாழ்க்கையை அறிந்த நீங்கள் மட்டுமே சொல்ல முடியும்.

வேறு உறுப்புகள் இருக்க, ஏன் பல்?

வாய்க்குள் ஏற்படும் உணர்வு ஒரு காரணம் என்றால், குழந்தைப் பருவ நினைவு மற்றொரு காரணமாக இருக்கலாம். சுமார் 6 வயது முதல் 12 வயது வரை, நம் ஒவ்வொருவருடைய 20 பால் பற்களும் ஆடி விழுந்தன. உடலின் ஒரு பகுதி தளர்ந்து கையோடு வருவதை எல்லா மனிதர்களும் விழித்த நிலையில் அனுபவித்திருப்பது இந்த ஒன்றில்தான். அப்போது புதிய பல் முளைத்தது. இப்போது விழுந்தால் முளைக்காது. கனவில் வரும் திகைப்புக்கு இவ்வேறுபாடு போதுமான காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

ஒரே கனவு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழ்வின் ஏதோ ஒரு காலத்தில் ஒரே கனவைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். அவற்றுள் பெரும்பாலானவை இனிமையற்றவை. அத்தகைய கனவு வந்துகொண்டிருக்கும் காலத்தில் மனநலம் சற்றுக் குறைந்திருப்பதும், கனவு நின்றுபோனவர்களிடம் அது மேம்பட்டிருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. தீராத ஒரு தொல்லை இருக்கும் வரை கனவு திரும்பி வருகிறது என்று இதற்கு விளக்கம் தருவார்கள். பல் கனவைப் பொறுத்தவரை அந்தத் தீராத தொல்லை உள்ளத்தில் இருக்கலாம். தேய்ந்த ஒரு கடைவாய்ப் பல்லிலும் இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிடுவதே முறை.

கர்ப்ப காலத்தில் இக்கனவு வந்தால் குழந்தைக்குத் தீங்கா?

இல்லை. கர்ப்ப காலத்தில் உறக்கம் அடிக்கடி கலைவதால் எல்லா வகைக் கனவுகளும் கூடுதலாக நினைவில் நிற்கின்றன. உடலில் ஏற்படும் மாற்றங்களால் பலருக்கு அப்போது ஈறு வீங்கி இரத்தம் கசிவதும் உண்டு. கனவைக் கண்டு அஞ்சுவதைவிட, ஈற்றில் இரத்தக் கசிவு இருந்தால் பல் மருத்துவரிடம் காட்டுவது தாய்க்கு நன்மை தரும். கர்ப்பமாக இருப்பதை அவரிடம் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.

மருந்துகளால் இப்படிக் கனவு வருமா?

மனச்சோர்வுக்கான மருந்துகளில் சில கனவுகளைத் தெளிவாக்குவதோடு, தாடையை இறுக்கவும் செய்யும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகளில் சிலவும் அச்சமூட்டும் கனவுகளைத் தரலாம். புதிய மருந்து தொடங்கிய பிறகு, அல்லது அளவு மாறிய பிறகு கனவுகள் தொடங்கியிருந்தால், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. திடீரென நிறுத்தினால் கனவுகள் இன்னும் கடுமையாகலாம் என்பதோடு, வேறு தீங்குகளும் நேரலாம்.

என் குழந்தை இப்படிக் கனவு கண்டு அழுகிறது. என்ன சொல்வது?

பால் பல் விழும் வயதில் இது இயல்பானது என்று சொல்லி, உண்மையில் ஆடிக்கொண்டிருக்கும் பல் எது என்று குழந்தையிடமே கேளுங்கள். பல் விழுந்தால் யாருக்கோ கெடுதல் என்ற பேச்சைக் குழந்தையின் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு. குழந்தைகள் அதை உண்மையாகவே நம்பி, நேர்ந்த கெடுதலுக்குத் தாங்களே காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இக்கனவை நிறுத்தவோ மாற்றவோ வழி உண்டா?

உண்டு. முதலில், ஓரிரு வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கனவு வந்த நாள், அன்று காலையில் தாடையில் வலியோ இறுக்கமோ இருந்ததா, முந்தைய நாள் எதைப் பற்றிய கவலை மேலோங்கி நின்றது, உறங்கும் முன் மதுவோ காபியோ அருந்தினீர்களா என்பவற்றை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். கனவு வராத நாட்களையும் கட்டாயம் எழுத வேண்டும். அவை இல்லாமல் ஒப்பிட முடியாது. கனவு வந்த காலைகளிலெல்லாம் தாடை இறுகியிருந்தால், முதலில் போகவேண்டிய இடம் பல் மருத்துவமனை.

அடுத்தது, கனவுக் காட்சியை மாற்றி எழுதிப் பயிற்சி செய்யும் முறை. அமெரிக்க மருத்துவர் பேரி கிராக்கோவும் அவருடைய குழுவினரும் கொடுங்கனவுகளால் துன்புற்ற பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க உறக்க மருத்துவக் கழகமும் கொடுங்கனவுகளுக்கு இதைப் பரிந்துரைக்கிறது. பகலில், நன்கு விழித்திருக்கும் நேரத்தில், உங்கள் கனவை எழுதுங்கள். பிறகு அதை நீங்கள் விரும்பும் இடத்தில், விரும்பும் வகையில் மாற்றி எழுதுங்கள். ஆடும் பல்லை விரலால் அழுத்தியதும் அது உறுதியாக நின்றுவிடுவதாக எழுதலாம். பற்களே வராத வேறொரு கதையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். மாற்றம் அறிவுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு நிறைவளித்தால் போதும். பழைய கனவை விட்டுவிட்டு, இந்தப் புதிய கனவை மட்டும் நாள்தோறும் 10 முதல் 20 நிமிடங்கள் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். சில வாரங்களில் பலருக்குப் பழைய கனவு வருவது குறைகிறது. சிலருக்கு அது வந்தாலும் அச்சம் தருவதில்லை. கொடிய நிகழ்வு ஒன்றுக்குப் பின் தொடங்கிய கனவு என்றால், இப்பயிற்சியைத் தனியே செய்யாமல் மனநல வல்லுநரின் துணையோடு செய்வது பாதுகாப்பானது.

நள்ளிரவில் இக்கனவால் விழித்துக்கொண்டால் உடனே என்ன செய்யலாம்?

நாக்கால் பற்களைத் தடவிப் பாருங்கள்; அவை இருக்கின்றன என்பதை உடலே உறுதி செய்துகொள்ளும். பிறகு நாக்கின் நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னே வைத்து, உதடுகளை மூடியபடியே தாடையைத் தளரவிட்டு, மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். கைப்பேசியை எடுத்துக் கனவுக்குப் பலன் தேட வேண்டாம். அந்த நேரத்தில் கண்ணில் படும் ஒரு வரி விடியும் வரை உறங்க விடாது. இருபது நிமிடம் ஆகியும் உறக்கம் வரவில்லை என்றால் எழுந்து, மங்கிய ஒளியில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுப் பின் படுக்கலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும், யாரிடம் போக வேண்டும்?

விழித்திருக்கும்போதும் பல் உண்மையாகவே ஆடினால், ஈற்றில் அடிக்கடி இரத்தம் வந்தால், தாடை வலி வாரக்கணக்கில் நீடித்தால் பல் மருத்துவரிடம் தாமதிக்காமல் செல்லுங்கள். பெரியவர்களுக்குப் பல் ஆடுவது ஈறு நோய் முற்றியதன் அறிகுறியாக இருக்கலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவதாக உடன் உறங்குபவர் சொன்னாலோ, கனவின்போது கைகால்களை வீசி எழுந்தாலோ, உறக்க மருத்துவம் அறிந்தவரை அணுக வேண்டும். வாரந்தோறும் கனவு வந்து, உறங்கப் போகவே அஞ்சும் நிலை ஏற்பட்டால், பகலில் வேலை பார்க்க முடியாதபடி சோர்வு இருந்தால், அல்லது அன்புக்குரியவர் ஒருவரை இழந்த துயரம் மாதங்கள் கடந்தும் சற்றும் தணியாமல் இருந்தால், மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ பேசுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாளும் காத்திருக்காமல், அன்றே அருகில் இருப்பவர் ஒருவரிடம் சொல்லி, அவரோடு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும், குறிப்பேட்டையும் நீங்கள் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டுபோங்கள். கனவைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்தால், காலையில் தாடை எப்படி இருக்கிறது என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.